பார்ட்ஸ் வராதுங்க

பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் தூசியால்தான் நிற்கின்றன. மூடியைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டு, மெமரி அட்டையை எடுத்து அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி மெஷின்கள் எழுந்துவிடும். உங்கள் மேசைக்குக் கீழே இருக்கிறதே மேடம், அதன் விசிறி முனகுகிறது. புதிது வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

நீங்கள் கேட்டது என் அண்ணனைப் பற்றி. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் உங்களுக்குப் புரியாது.

அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அண்ணன் வேங்கடசாமி படிப்பை நிறுத்திவிட்டு மில் ஸ்டோர்ஸில் வேலைக்குப் போய் என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தார். நான் படித்து முடித்த வருடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கீபோர்டுதான் மொத்த மெஷினே; வீட்டு டி.வி.யில் செருகி ஓட்ட வேண்டும். புரோகிராமைப் பாட்டுக் கேசட்டிலிருந்து ஏற்றுவோம். கேசட் கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்ததும் திரையில் ஒரு பந்து துள்ளும். அதைப் பார்க்க அண்ணன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த ஆர்வத்தில்தான் நூறடி ரோட்டில் கடை போட்டோம். விற்பனை அவர் பொறுப்பு. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் சர்வீஸ் என் பொறுப்பு.

நல்ல மனிதர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து அவரை வில்லன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் கடை வளர வளர அவர் வாயில் ஒரு வார்த்தை குடிவந்தது. யாராவது பழைய மெஷினைத் தூக்கி வந்தால் மூடியைக்கூடத் திறக்காமல் சொல்வார்: "பார்ட்ஸ் வராதுங்க." அவ்வளவுதான். எதிரே நிற்பவர் முகம் விழும். கொஞ்ச நேரத்தில் புது மெஷின்களின் பக்கம் திரும்புவார். அந்தப் பழைய மெஷினில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. தடுப்புக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல்லில் விரிசலே விழுந்துவிட்டது.

எனக்குக் கோபம் வரும் என்பதை மறைக்கவில்லை. அண்ணன் மேல் மட்டுமில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டுகிறவன் மேல், எந்தத் திருப்புளியும் சேராத ஸ்குரூவைக் கண்டுபிடிக்கிறவன் மேல், நன்றாக ஓடும் மெஷினிடம் உனக்குத் தகுதியில்லை என்று திரையில் எழுதிக் காட்டுகிறவன் மேல். இந்த வருடம் அக்டோபரோடு ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்களுக்குக் கம்பெனி தரும் அப்டேட் நிற்கிறது என்று அறிவிப்பு வந்தது அல்லவா. அண்ணன் அதைப் பெரிய பேனராக அடித்துக் கடை வாசலில் கட்டினார். 'உங்கள் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது' என்று சிவப்பில் போட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே குனிந்துதான் நான் உள்ளே போக வேண்டும்.

கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டு மாடியில் எனக்கென்று ஓர் அறை உண்டு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையில் விட்டுப் போகிற மெஷின்களை அந்த அறைக்குக் கொண்டுவந்து சரிசெய்வேன். சரியானதும் உரியவர்களுக்கு போன் போட்டுச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். திருப்பி வாங்க மறுத்தவர்களின் மெஷின்கள் என்னோடு தங்கிவிடும். அலமாரி முழுக்க, கட்டிலுக்கு அடியில், ஜன்னல் திண்டில். எல்லாம் ஓடும். ஆயுத பூஜைக்கு ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன்.

தெய்வாத்தாள் என்ற அம்மா இந்தக் கோடையில் கடைக்கு வந்தார்கள். அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம். மகன் கிருபாசங்கர் இன்ஜினியரிங் படிக்கும்போது பைபாஸில் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் கம்ப்யூட்டரைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். அன்று கடைக்கு வந்திருந்த அண்ணன் வழக்கம்போல அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த அம்மா நகரவில்லை.

"ஏனுங்க, எனக்கு அதுல வேற ஒண்ணும் வேண்டாமுங்க. போட்டா எம்பையன் பேசுவானுங்க. அது மட்டும் வந்தாப் போதுமுங்க" என்றார்கள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மெஷின் விழிக்கும்போது ஒரு மணிச் சத்தம் வருமே, அதை எடுத்துவிட்டு அந்தப் பையன் விளையாட்டாகத் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறான். அவன் போன பிறகு அந்த அம்மா காலையில் கம்ப்யூட்டரைப் போடுவார்களாம். குரலைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார்களாம். அந்தக் கம்ப்யூட்டரில் அவர்களுக்கு வேறு வேலையே இல்லை.

நான் பார்த்துத் தருகிறேன் என்று அண்ணன் கவனிக்காதபோது வாங்கி, அதை மாடிக்குக் கொண்டு வந்தேன். பவர் சப்ளைதான் போயிருந்தது. மாற்றிப் போட்டதும் எழுந்தது. நல்ல தெளிவான குரல். "ஏனுங்கம்மா, சாப்புட்டாச்சுங்களா? நா வந்துட்டேனுங்க." கடைசியில் லேசாகச் சிரிக்கிறான்.

உடனே திருப்பித் தந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் நின்றுபோனால் அந்த அம்மாவின் நிலை என்ன? கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருவதுதான் முறை. தினமும் காலையில் காபி டம்ளரோடு அதன் முன்னால் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். சோதனைக்காகத்தான். அந்த அம்மா அவ்வப்போது கூப்பிடுவார்கள். "ரெடியாயிடுச்சுங்களா?" "இன்னுங் கொஞ்சம் பாக்கணுமுங்க" என்பேன். "மெதுவாவே பாருங்க. உங்களை நம்பித்தானுங்க உட்டுட்டு வந்தேன்" என்பார்கள். கோடை போய் ஆடி வந்தது. ஆடி போய்ப் புரட்டாசி வந்தது.

மகாளய அமாவாசைக்கு பவானிக் கூடுதுறைக்குப் போனேன். அப்பாவுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து தர்ப்பணம் கொடுப்பது வழக்கம். அண்ணனுக்குக் கொரோனாவுக்குப் பிறகு நுரையீரல் சரியில்லை. வீட்டில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினோடுதான் இருந்தார். கடைக்குக்கூட எப்போதாவதுதான் வருவார். அதனால் நான் மட்டும் போய்விட்டு, சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் திரும்பினேன். மாடிக்கு ஏறினால் அறை காலியாக இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஜன்னலுக்குப் புதுத் திரை. கட்டிலில் புது மெத்தை. மேசை மேல் அட்டைப் பெட்டி பிரிக்காத ஒரு லேப்டாப்.

அண்ணன் கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்லா இருக்குதாடா? உனக்குத் தெரியாமச் செய்யணும்னுதான் நீ ஊருக்குப் போற நாளாப் பாத்து வெச்சேன். எத்தனை நாளைக்குடா அந்தக் குப்பையில படுப்பே? போன மாசங்கூட ஒயர் கருகி நாறுச்சு. ராத்திரி தீப்புடிச்சா நான் மேல ஏறி வந்து உன்னத் தூக்க முடியுமா?"

மெஷின்கள் எங்கே என்று கேட்டேன்.

"பழைய சாமான்காரன் நேத்தே வண்டியோட வந்து அள்ளிட்டுப் போயிட்டான்."

உக்கடம் பக்கம் ஒரு கிடங்கு. அங்கே போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. தாமிரம் ஒரு குவியல், பலகைகள் ஒரு குவியல், ஹார்டு டிஸ்க்குகளை அலுமினியத்துக்காகச் சுத்தியலால் பிளந்து போட்டிருந்தார்கள். தட்டுகள் கண்ணாடி மாதிரி மின்னின. அதில் எது அந்தப் பையனுடையது என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் முதல் கம்ப்யூட்டரின் கீபோர்டு மட்டும் பாதியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் தெய்வாத்தாள் அம்மா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு பை நிறைய முருங்கைக்காய். சொன்னேன். அவர்கள் கத்தவில்லை, அழவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

"அந்தச் சத்தம் மட்டும் வேற எதுலயாச்சும் புடிச்சு வெச்சிருக்குறீங்களா?"

"இல்லீங்க."

"செரி, உடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காய்ப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதுடா நரசு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஒண்ண எடுத்து வெச்சிருப்பேன். அந்தம்மாவுக்கு நம்ம கடைலருந்து புதுசா ஒண்ணு குடுத்துரலாமா?" என்றார்.

புதுசா ஒண்ணு. அவருக்கு அது மட்டும்தான் தெரியும், மேடம். உலகத்தில் போனதற்கெல்லாம் புதிதாக ஒன்று உண்டு என்று உண்மையாகவே நம்பினார். நான் மாடிக்குப் போனேன். அந்த லேப்டாப்பைத் திறந்தேன். அது என்னைக் காத்திருக்கச் சொன்னது. தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாகச் சொன்னது. நான் காத்திருந்தேன்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஆக்சிஜன் மெஷின் அலறத் தொடங்கியது. காற்று வருகிறது, ஆக்சிஜன் போதவில்லை என்பதற்கான அலாரம் அது. கம்பெனிக்கு போன் செய்தோம். அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். போனில் பேசிய பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: "அதுக்கு இப்ப பார்ட்ஸ் வராதுங்க சார்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணனும் கேட்டார். சிரித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் மகள் ஹாரிகா ஐதராபாத்தில் இருக்கிறாள்; சித்தப்பாவான என்னைத் தெலுங்கில் சின்னாயனா என்பாள். புது மெஷின் உடனே அனுப்பி வைக்கிறேன் என்றாள். அண்ணன் போனை வாங்கினார்.

"வேண்டாங் கண்ணு. சின்னாயனா இருக்கறப்ப எனக்கெதுக்குப் புதுசு? அவன் கை பட்டா எந்த மெஷினும் பொழச்சுக்கும்" என்றார்.

வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் அவர் பழைய மெஷின் போதும் என்று சொல்லி நான் கேட்டது.

மெஷினை மாடிக்குத் தூக்கிப் போய்த் திறந்தேன். உள்ளே காற்றை மாற்றி மாற்றி விடும் ஒரு வால்வு வேலை செய்யவில்லை. அதை இயக்கும் டிரான்சிஸ்டர் ஒன்று கருகியிருந்தது. அதே டிரான்சிஸ்டர் என் டூல் பாக்ஸில் இருந்தது. எங்கே போனாலும் டூல் பாக்ஸ் என்னோடு வரும்; பவானிக்கும் எடுத்துப் போயிருந்ததால் அது தப்பித்திருந்தது. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்பப் பெட்டியில் வைத்தேன். பிறகு அலாரத்துக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மூடியைத் திருகினேன்.

கீழே கொண்டுபோய் வைத்துப் போட்டதும் மெஷின் எப்போதும் போல உறுமியது. குழாயில் காற்று ஜில்லென்று வந்தது. வெறும் காற்று. நீங்களும் நானும் இப்போது இழுத்துக்கொண்டிருப்பது. அண்ணன் மூக்கில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "நல்லா வருதுடா" என்றார்.

கடையில் அவர் செய்ததைத்தான் நானும் செய்தேன். பார்ட்ஸ் இருந்தும் இல்லை என்பது. ஓடுவதை ஓடாது என்பார் அவர். ஓடாததை ஓடுகிறது என்றேன் நான். பெரிய வித்தியாசமாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் மனைவி வரலட்சுமிக்குத்தான் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் தெலுங்குப் பேச்சு; அண்ணியை வதினா என்போம். "உதடு நீலமா இருக்கு நரசிம்மலு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?" என்றார்கள். போன முறை ஐ.சி.யு.வில் அண்ணனைக் கட்டிப்போட்டதை நினைவுபடுத்தினேன். அண்ணனும் தலையை ஆட்டி மறுத்தார். அப்புறம் வதினா விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை எடுத்து வந்தார்கள். அது இறக்கிக் காட்டியது. ரொம்பவே இறக்கி.

"வதினா, அது கொரோனா சமயத்துல வாங்குனது. பழசாயிடுச்சு. தப்பாத்தான் காட்டும்" என்றேன்.

வதினா அதைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தார்கள். சரியாகக் காட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சென்சார் தேஞ்சு போனா அப்படித்தானுங்க வதினா. ஒருத்தருக்குச் சரியாக் காட்டும், ஒருத்தருக்குத் தப்பாக் காட்டும். புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்."

நம்பினார்கள். அந்த வீட்டில் மிக்சியிலிருந்து மோட்டார் வரை நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆக்சிமீட்டரைப் பழைய சாமான்களோடு போட்டுவிட்டார்கள்.

அதற்கடுத்த நாட்களில் அண்ணன் பேச்சு குழறியது. என்னை அப்பா என்று ஒரு முறை கூப்பிட்டார். மழை விட்ட ஒரு மத்தியானம் வதினா மாவு அரைக்கப் போயிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மெஷினக் கொஞ்சம் கூட்டி வைடா."

எழுந்துபோய் அதன் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். "கூட்டிட்டேங்ணா."

"இப்பப் பரவால்ல" என்றார். என் கையை விடவில்லை. வதினா மாவுப் பாத்திரத்தோடு திரும்பி வந்தபோது அந்த விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மெஷினை மாடிக்குக் கொண்டுபோய் அந்த டிரான்சிஸ்டரை மாற்றினேன். அலாரம் ஒயரைச் சேர்த்தேன். ஒரு நல்ல மெஷின் இன்னும் பல வருடம் ஓடும். அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் நான் பிடிபட்ட காரணம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கட்டும். அதை அப்படியே விட்டிருந்தால் நான் என்ன மனிதன்?

ஹாரிகா மாடிக்கு வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மேசையில் கிடந்த கருகிய டிரான்சிஸ்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப மாத்துனீங்க சின்னாயனா?"

"நேத்து."

"இந்தப் பார்ட் எங்க கெடச்சுது?"

"எங்கிட்டதான் இருந்துச்சு."

"முன்னாடியே இருந்துச்சா?"

மெஷினைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. "இருந்துச்சு கண்ணு" என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தெய்வாத்தாள் அம்மாவைப் பற்றியும் அந்தக் குரலைப் பற்றியும். அவளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள், "அந்தக் குரலை ஏன் சின்னாயனா ஒரு காப்பி எடுத்து வெக்கல? ஒரு நிமிஷ வேலைதானே?" என்று கேட்டாள். "கோடைலயே ரெடியாயிட்டதை ஏன் அவங்களுக்குக் குடுக்கல?"

சோதனை முடியவில்லை என்றேன். குரல் அதனதன் மெஷினிலிருந்துதான் வர வேண்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கீழே போய் உங்கள் ஸ்டேஷனுக்கு போன் செய்தாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆக, மேடம், ஆமாம். வேங்கடசாமியை நான்தான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, நிதானமாகச் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். அண்ணனை நினைத்து எனக்குத் தூக்கம் கெடவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, நுரையீரலும் திரும்பி வரப்போவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் மனதில் உறுத்துகிறது. அந்தச் சின்ன ஆக்சிமீட்டர் கடைசிவரை உண்மையைத்தான் காட்டியது. அதைப் போய்ப் பழசு, தப்பாகக் காட்டுகிறது என்று என் வாயால் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு மெஷினுக்கு நான் செய்த துரோகம் அது ஒன்றுதான்.